மருத்துவமனையில் ‘கோட்’ அறிவிப்பு முறையை அமைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

அவசர நிலைகளைக் கோட் புளூ, கோட் ரெட், கோட் பிங்க் என்று ஊழியருக்குப் புரியும் குறிகளால் ஒலிபெருக்கியில் அறிவிக்கும் முறையை 50 முதல் 300 படுக்கைகள் வரை உள்ள மருத்துவமனையில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கான வழிகாட்டி இது. சுவரில் அட்டை மட்டும் தொங்கி, நடைமுறையில் ஒன்றும் இல்லாத இடத்தைச் சரிசெய்பவர்களுக்கும் உதவும். தரப்பிரிவு அலுவலர், செவிலியர் கண்காணிப்பாளர், பராமரிப்புப் பொறியாளர், செக்யூரிட்டி மேற்பார்வையாளர் ஆகிய நால்வரும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் வேலை நடக்கும். ஒருவர் தனியாக எழுதும் நடைமுறை கோப்பைவிட்டு வெளியே வருவதில்லை.

பெரும்பாலானோர் வண்ண அட்டை அச்சடிப்பதில் தொடங்குகிறார்கள். அது ஏறக்குறைய கடைசி வேலை. எந்த நிறம் என்பதைவிட, அறிவிப்பு எல்லா இடத்திலும் கேட்கிறதா, கேட்டவருக்கு எங்கே ஓட வேண்டும் என்று தெரிகிறதா என்பவைதான் முக்கியம். கீழே உள்ள வரிசை அதையொட்டியே அமைந்தது.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒவ்வொரு தளத்தின் வரைபடம், இண்டர்காம் எண்களின் பட்டியல், ஒலிபெருக்கிகள் எங்கெங்கே உள்ளன என்ற குறிப்பு, கடந்த மாத இரவுப் பணிப் பட்டியல். இந்த நான்கும் மேசையில் இருக்க வேண்டும்.

இரவுப் பணிப் பட்டியலைப் பலர் மறந்துவிடுவார்கள். பகல் 11 மணிக்கு எட்டுப் பேர் கொண்ட குழு அமைப்பது எளிது. அதிகாலை 3 மணிக்கு இருப்பது ஒரு டூட்டி டாக்டர், ஐசியுவில் ஒரு டாக்டர், தளத்துக்கு இரண்டு சிஸ்டர்கள். இரவில் இருப்பவர்களை வைத்துத் திட்டமிடுங்கள். பகலில் அது தானாகவே நடக்கும்.

மருத்துவக் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் ஒரு வரி வாங்கிக்கொள்ளுங்கள்: அவசரத்தைப் பார்த்த எந்த ஊழியரும், ஆயாவோ வார்டு பாயோ துப்புரவுப் பணியாளரோ, யாரிடமும் அனுமதி கேட்காமல் கோட் அழைக்கலாம். இந்த வரி இல்லாத இடத்தில் எல்லோரும் முதலில் டூட்டி டாக்டரைத் தேடுவார்கள். இதயம் நின்றவருக்கு நெஞ்சழுத்தமும் மின்னதிர்ச்சியும் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்திலும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. தேடுவதற்கு அதில் நேரமில்லை.

## 2. எதைக் குறியாகச் சொல்வது, எதை வெளிப்படையாகச் சொல்வது

முதலில் முடிவு செய்ய வேண்டியது இதைத்தான். ஒவ்வொரு அவசரத்துக்கும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இதைக் கேட்டு நோயாளிகளும் உடன் வந்தவர்களும் ஏதாவது செய்ய வேண்டுமா?

செய்ய வேண்டியதில்லை என்றால் குறி போதும். இரண்டாம் தளத்தில் ஒருவருக்கு இதயம் நின்றுவிட்டது என்பது கீழே மருந்து வாங்க நிற்பவருக்குத் தெரிய வேண்டியதில்லை. தெரிந்தால் தன் வீட்டு ஆளாக இருக்குமோ என்று பத்துப் பேர் மாடியேறுவார்கள், குழு வரும் வழி அடைபடும். வார்டில் ஒருவர் செவிலியரை அடிக்கப் பாய்ந்தாலும் குறிதான் நல்லது. செக்யூரிட்டியை அழைத்தது அவருக்கே தெரிந்தால் நிலைமை முற்றும்.

மக்கள் இடம்விட்டு நகர வேண்டும் என்றால் குறி உதவாது. தீ பரவி ஒரு தளத்தைக் காலி செய்யும்போது ‘கோட் ரெட்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால், ஊழியர் ஓடுவதைப் பார்த்து மக்கள் குழம்புவார்களே தவிர நகரமாட்டார்கள். ஆகவே தீக்கு இரண்டு கட்ட அறிவிப்பு வேண்டும்: முதல் கட்டத்தில் ஊழியருக்குக் குறி, காலி செய்யும் முடிவு வந்தவுடன் மக்களுக்கு நேரடித் தமிழ்.

“பதற்றம் வரக்கூடாது” என்று சொல்லி எல்லாவற்றையும் குறியாக்கச் சொல்லும் நிர்வாகங்கள் உண்டு. அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். எந்தப் பக்கம் போவது என்று தெளிவாகச் சொன்னால் பெரும்பாலோர் போவார்கள். அமெரிக்க மருத்துவமனைகள் பலவும் இப்போது நிறங்களைக் குறைத்து, வெளிப்படையான சொற்களுக்கு மாறிவருகின்றன.

## 3. பட்டியலைச் சுருக்குங்கள்

ஐந்து அல்லது ஆறு குறி போதும். பன்னிரண்டு நிறம் உள்ள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஒலிபெருக்கி ஒலித்தவுடன் அதைத் திருப்பிப் பார்க்கிறார்கள் என்றால் அந்தப் பட்டியல் பயன்படவில்லை.

நம் ஊர் மருத்துவமனைகள் பலவற்றில் பழக்கத்தில் இருப்பவை: கோட் புளூ (மூச்சோ இதயமோ நின்றால்), கோட் ரெட் (தீ), கோட் பிங்க் (குழந்தை காணாமல் போனால்), கோட் பிளாக் (வெடிகுண்டு மிரட்டல்), விபத்தில் பலர் ஒரே நேரத்தில் வந்தால் ஒன்று, ஊழியர்மீது வன்முறைக்கு ஒன்று. கடைசி இரண்டுக்கும் இடத்துக்கு இடம் நிறம் மாறும். நாடு முழுவதற்கும் ஒரே பட்டியல் இல்லாததால் உங்கள் ஊரின் மற்ற மருத்துவமனைகளில் எது வழக்கம் என்று கேட்டு, அதையே வைத்துக்கொள்ளுங்கள். செவிலியர்கள் அங்கிருந்துதான் உங்களிடம் வருகிறார்கள்.

இந்தக் குழப்பம் சிறியதல்ல. ஆஸ்திரேலியாவில் கோட் பிளாக் என்றால் ஆள் மிரட்டல், வெடிகுண்டுக்குக் கோட் பர்ப்பிள். கனடாவில் வெடிகுண்டுக்குத்தான் கோட் பிளாக். கோட் ஆரஞ்சு என்றால் ஆஸ்திரேலியாவில் வெளியேறுவது, கனடாவில் பேரிடரில் பலர் வருவது. நமக்குச் சிக்கல் தருவது கோட் பிங்க்: நம்மிடம் குழந்தை கடத்தல், கனடாவில் குழந்தைக்கு இதயம் நிற்பது. அங்கே வேலை பார்த்துத் திரும்பிய சிஸ்டர், கதவை மூட வேண்டிய நேரத்தில் குழந்தைகளுக்கான ஆம்பு பையை (கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் கருவி) எடுத்துக்கொண்டு ஓடுவார். 1999இல் தெற்குக் கலிபோர்னியாவில் ஒரு மருத்துவமனையில் துப்பாக்கிச் சூட்டின்போது தவறான குறி அறிவிக்கப்பட்டு, மூன்று பேர் இறந்தார்கள். அங்குள்ள மருத்துவமனைகள் ஒரே குறிப் பட்டியலுக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

புதிதாகச் சேர்பவரிடம் முதல் நாளே “உங்கள் பழைய இடத்தில் பிங்க் என்றால் என்ன?” என்று கேட்பது, பட்டியலைக் கையில் கொடுப்பதைவிட நன்றாக வேலை செய்யும். மாறுபாடு தானாக வெளியே வரும்.

## 4. இடப்பெயர்களைச் சீர்செய்யுங்கள்

அதிகம் தடுமாறுவது இங்கேதான். கோட் புளூ என்பதை எல்லோரும் சரியாகக் கேட்டிருப்பார்கள், தவறான தளத்தில் போய் நிற்பார்கள்.

முதல் சிக்கல் தள எண். லிஃப்டில் ‘1’ என்று இருப்பது தரைத்தளமா, அதற்கு மேலே உள்ளதா? ஊழியர் ஒன்று சொல்வார், பலகை வேறு சொல்லும், தீயணைப்பு வரைபடம் மூன்றாவதாக ஒன்று சொல்லும். மூன்றையும் ஒன்றாக்குங்கள். மாற்ற வேண்டியது லிஃப்ட் பொத்தானின் எழுத்தாக இருந்தால் அதையும் மாற்றுங்கள், செலவு சொற்பம்.

இரண்டாவது, ஒலிபெருக்கியில் ஒரே மாதிரி கேட்கும் பெயர்கள். எம்ஐசியு, என்ஐசியு இரண்டும் கூரை ஒலிபெருக்கியில் ஒன்றுதான். பி பிளாக், டி பிளாக், இ பிளாக் மூன்றும் அப்படியே. அறிவிப்பில் எழுத்துச் சுருக்கமே வேண்டாம். ‘மெடிக்கல் ஐசியு’, ‘பச்சிளங்குழந்தை ஐசியு’ என்று முழுதாகச் சொல்லுங்கள். பிளாக்குகளுக்குப் பழைய கட்டடம், புதிய கட்டடம், கிழக்கு, மேற்கு என்று ஏற்கெனவே வாயில் வழங்கும் பெயரே சிறந்தது. நன்கொடையாளர் பெயர் சூட்டிய கட்டடம் என்றால், ஊழியர் அந்தப் பெயரைச் சொல்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சொல்லமாட்டார்கள்.

மூன்றாவது, எண்கள். ‘தர்ட்டீன்’, ‘தர்ட்டி’, ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’. இவை தாழ்வாரத்தில் பிரித்தறிய முடியாதவை. இலக்கம் இலக்கமாகச் சொல்லும் விதியைக் கட்டாயமாக்குங்கள்: அறை 215 என்றால் ‘டூ, ஒன், ஃபைவ்’.

நான்காவது, பெயரே இல்லாத இடங்கள். ஒருவர் மயங்கி விழுவது எப்போதும் படுக்கையில் அல்ல. கழிப்பறை, படிக்கட்டு, வாகன நிறுத்துமிடம், கேண்டீன், பில்லிங் வரிசை, பிசியோதெரபி அறைக்கு வெளியே உள்ள நாற்காலி. இவை ஒவ்வொன்றுக்கும் அறிவிப்புப் பெயர் எழுதி, அங்கேயே சிறு பலகை ஒட்டுங்கள்: “நீங்கள் இருப்பது: தரைத்தளம், மேற்குப் படிக்கட்டு”. தொலைபேசியில் அழைப்பவர் அதைப் பார்த்தே படித்துவிடுவார்.

எம்.ஆர்.ஐ அறைக்குத் தனி விதி உண்டு. காந்தம் எப்போதும் இயங்கிக்கொண்டே இருக்கும். ஆக்சிஜன் சிலிண்டரோ டிஃபிப்ரிலேட்டரோ (இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் கருவி) உள்ளே போனால் இழுக்கப்பட்டுப் பறக்கும். நோயாளியை வெளியே இழுத்து வந்து அங்கேதான் சிகிச்சை. எனவே அறிவிப்பில் சொல்ல வேண்டிய இடம் ‘எம்.ஆர்.ஐ வாசல்’. ‘எம்.ஆர்.ஐ அறை’ என்ற சொற்களே பட்டியலில் இருக்கக்கூடாது.

படுக்கை எண்ணை அறிவிக்கலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பொது வார்டில் வேண்டாம் என்பதே எங்கள் நிலைப்பாடு. வெளியே காத்திருக்கும் மனைவிக்கோ மகனுக்கோ அந்த எண் தெரியும். வார்டு வரை சொன்னால் போதும். வார்டு வாசலில் ஓர் ஊழியர் கையை உயர்த்திக்கொண்டு நின்று குழுவை உள்ளே அனுப்ப வேண்டும். தனி அறைகளில் எண்ணைத் தவிர்க்க முடியாது. நோயாளியின் பெயரை எந்த நிலையிலும் சொல்லக்கூடாது.

## 5. ஒலிபெருக்கி அமைப்பைச் சோதியுங்கள்

பக்திப் பாட்டும் ஓ.பி. டோக்கன் அழைப்பும் கேட்கிறது என்பதால் அவசர அறிவிப்பும் கேட்கும் என்று எண்ண வேண்டாம். அவை கேட்பது காத்திருப்புக் கூடத்தில் மட்டும்.

நடந்து பாருங்கள். ஒருவர் மைக்கில் நிமிடத்துக்கு ஒரு முறை வெவ்வேறு சொல்லும் எண்ணும் படிக்க, இரண்டு பேர் வரைபடத்துடன் எல்லா அறைக்கும் போய்க் கேட்டதை எழுதட்டும். “கேட்டது” என்று டிக் போடக்கூடாது. என்ன சொல் கேட்டது என்று எழுத வேண்டும். ஒலி வந்தும் சொல் புரியாத இடங்கள் இப்படித்தான் பிடிபடும். டாக்டர் ஓய்வறை, உடை மாற்றும் அறை, லிஃப்டின் உட்புறம், ஜெனரேட்டர் அறை, மொட்டை மாடி ஆகியவற்றைத் தவறவிடாதீர்கள். குழுவில் உள்ள டாக்டர் இரவில் தூங்கும் அறையில் ஒலிபெருக்கி இல்லாதது மிகச் சாதாரணம்.

வால்யூம் குமிழ். வார்டில் தொல்லையாக இருக்கிறது என்று யாரோ குமிழைச் சுழியத்துக்குத் திருப்பியிருப்பார்கள். அவர்மேல் பிழையில்லை, நோயாளி தூங்க வேண்டும். சாதாரணக் குமிழ் அவசர அறிவிப்பையும் சேர்த்தே அடக்கிவிடும். 24 வோல்ட் ரிலே உள்ள ஓவர்ரைடு வகைக் குமிழ் வேண்டும். அவசர அறிவிப்பின்போது அது குமிழைத் தாண்டி முழு ஒலியைத் திறந்துவிடும். இதற்குத் தனிக் கம்பி தேவை. பழைய கட்டடத்தில் இரண்டு கம்பி மட்டும் ஓடியிருந்தால், குமிழை அடியோடு கழற்றிவிட்டு ஒலிபெருக்கியின் டேப்பை (எத்தனை வாட் எடுக்கும் என்று தேர்வு செய்யும் இணைப்பு) குறைத்து வைப்பதே எளிய வழி.

சுமைக் கணக்கு. நம் ஊரில் பெரும்பாலும் 100 வோல்ட் லைன் முறை. ஒவ்வொரு கூரை ஒலிபெருக்கியிலும் 6, 3, 1.5 வாட் என டேப் இருக்கும். பயன்படுத்தும் டேப்புகளின் கூட்டுத்தொகை ஆம்ப்ளிஃபயர் திறனில் 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 40 ஒலிபெருக்கி, தலா 6 வாட் என்றால் 240 வாட். அதற்கு 300 வாட் ஆம்ப்ளிஃபயர் வேண்டும். புதிய பிரிவு திறக்கும்போதெல்லாம் பத்து ஒலிபெருக்கி சேர்த்துக்கொண்டே போய், ஆம்ப்ளிஃபயரை மட்டும் மாற்றாமல் விடுவதுதான் கரகரப்புக்கும் அடிக்கடி டிரிப் ஆவதற்கும் வழக்கமான காரணம். டேப்பை ஒரு படி குறைத்தால் ஒலி 3 டெசிபல்தான் குறையும். அமைதியான அறைகளில் 6 வாட் தேவையே இல்லை.

எதிரொலி. டைல்ஸ் ஒட்டிய நீண்ட தாழ்வாரத்தில் ஒலியைக் கூட்டினால் புரிதல் இன்னும் கெடும். குறைந்த ஒலியில் அதிக ஒலிபெருக்கிகள் என்பதே தீர்வு: 3 மீட்டர் உயரக் கூரையில் 5, 6 மீட்டருக்கு ஒன்று. அறிவிப்பு சுற்றுச்சத்தத்தைவிட 10 முதல் 15 டெசிபல் உயர்ந்திருந்தால் போதும். சுற்றுச்சத்தத்தைக் காலை 10 மணிக்கு, ஓ.பி. நிரம்பியிருக்கும்போது அளந்துகொள்ளுங்கள்.

விலக்கு இடங்கள். பச்சிளங்குழந்தை ஐசியுவில் சத்தம் 45 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்பதே பரிந்துரை. அங்கே கூரை ஒலிபெருக்கி வேண்டாம், செவிலியர் மேசையில் விளக்கும் தொலைபேசியும் போதும். ஆபரேஷன் தியேட்டருக்குள்ளும் அப்படியே. வெளி அறையில் ஒலித்து, ஒருவர் உள்ளே போய்ச் சொல்லட்டும்.

மின்சாரம். தீப்பிடித்தால் முதலில் நிறுத்துவது மின்சாரம். ஆம்ப்ளிஃபயரும் இண்டர்காம் எக்ஸ்சேஞ்சும் இரண்டுமே யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். ஒன்று இருந்து மற்றது இல்லாவிட்டால் அழைப்பு வரும், அறிவிப்பு போகாது, அல்லது நேர்மாறாக. மெயின் சுவிட்சை உண்மையிலேயே அணைத்து, 30 நிமிடம் தாங்குகிறதா என்று பாருங்கள். யுபிஎஸ் பேட்டரி தீர்ந்துபோயிருப்பது அணைத்துப் பார்க்கும் வரை தெரியாது.

## 6. ஒரே எண், எப்போதும் ஆள்

எல்லா அவசரத்துக்கும் ஒரே இண்டர்காம் எண். தீக்கு ஒன்று, கோட் புளூவுக்கு ஒன்று என்று பிரித்தால் இரண்டும் மறந்துபோகும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதயம் நின்றால் அழைக்கும் எண்ணை அரசு மருத்துவமனைகளில் 2222 என்று ஒரே மாதிரியாக்க 2004இல் அறிவுறுத்தினார்கள். உங்கள் எக்ஸ்சேஞ்சில் நான்கு இலக்கம் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம். ஒரே இலக்கத்தை நான்கு முறை அழுத்துவது நடுங்கும் விரலுக்கும் எளிது.

எண்ணைத் தொலைபேசியின் ரிசீவரில், காதில் வைக்கும் பக்கத்தின் முதுகில் ஒட்டுங்கள். சுவரில் ஒட்டினால் காலண்டர் வந்து மறைத்துவிடும். ஊழியர் கைப்பேசியிலிருந்து அழைக்க ஒரு நேரடி எண்ணும் வேண்டும். வாகன நிறுத்துமிடத்தில் இண்டர்காம் இருக்காது.

அந்த எண் ஒலிக்கும் இடத்தில் 24 மணி நேரமும் ஆள் இருக்க வேண்டும். இரவு 10 மணிக்கு மேல் ரிசப்ஷனில் ஒருவர்தான் என்றால், அவர் கழிப்பறைக்குப் போகும்போது யார் எடுப்பது என்பதை எழுதி வையுங்கள். கேஷுவால்டியில் இரண்டாவது மைக் வைப்பது நல்ல ஏற்பாடு: மூன்று மணியோசைக்குள் யாரும் எடுக்காவிட்டால் அழைப்பு அங்கே மாற வேண்டும். வாட்ஸாப் குழுவில் செய்தி போடுவது கூடுதலாக இருக்கலாம், மாற்றாக முடியாது. லிஃப்டில் சிக்னல் கிடைக்காது, இரவில் போன் சைலண்டில் இருக்கும்.

## 7. அறிவிக்கும் விதம்

அழைப்பை எடுத்த ஆபரேட்டர் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி: “என்ன கோட்? எந்த இடம்?” பிறகு கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்: “கோட் புளூ, இரண்டாம் தளம், பெண்கள் வார்டு. சரியா, சிஸ்டர்?” சரி என்ற பதில் வந்த பிறகே மைக். இந்த ஐந்து நொடி வீணல்ல. பதறி அழைப்பவர் பாதிப்பேர் இடத்தைச் சொல்லாமலே வைத்துவிடுவார்கள். திருப்பிச் சொல்லும் பழக்கம் அவர்களைப் பிடித்து நிறுத்தும்.

மைக்கில் வரிசை மாறக்கூடாது. மணியோசை, ஒரு நொடி இடைவெளி, பிறகு:

“கோட் புளூ. இரண்டாம் தளம். பெண்கள் பொது வார்டு.
கோட் புளூ. இரண்டாம் தளம். பெண்கள் பொது வார்டு.
கோட் புளூ. இரண்டாம் தளம். பெண்கள் பொது வார்டு.”

முதல் முறை கவனம் திரும்பும், இரண்டாம் முறை இடம் பதியும், மூன்றாம் முறை உறுதியாகும். ‘அனைத்து டாக்டர்களின் கவனத்திற்கு’, ‘தயவுசெய்து விரைந்து வரவும்’ போன்ற சேர்ப்புகள் வேண்டாம். அரை நிமிடம் கழித்து இன்னொரு முறை முழுதாகச் சொன்னால் லிஃப்டில் இருந்தவர்களுக்கும் போய்ச் சேரும்.

புதியவர்கள் செய்யும் தவறு நான்கு. பொத்தானை அழுத்திய கணமே பேசத் தொடங்குவது; ரிலே திறக்க அரை நொடி ஆகும், ‘கோட்’ போய்விடும், நிறத்தின் பாதியும் போய்விடும். மைக்கை வாயோடு ஒட்டிக் கத்துவது; ஒலி உடைந்து சொல் கெடும், ஒரு சாண் தள்ளிச் சாதாரணக் குரலில் பேசுவதே நன்றாகக் கேட்கும். கடைசிச் சொல் முடியும் முன்னே பொத்தானை விடுவது. நான்காவது, பின்னணிப் பாட்டை அணைக்காமல் பேசுவது. இதை ஆளிடம் விடாமல், அவசர மைக் திறந்தவுடன் பாட்டு தானாக அடங்கும்படி ஆம்ப்ளிஃபயரில் முன்னுரிமை அமைத்துவிடுங்கள்.

மைக் மேசைக்கு நேர்மேலே கூரை ஒலிபெருக்கி இருந்தால் ஊளையிடும். அதைக் கழற்றிவிடலாம். ஆனால் தன் அறிவிப்பு வெளியே போனதா என்று ஆபரேட்டருக்கே தெரியாமல் போகும், எனவே காதுக்கெட்டும் தூரத்தில் ஒன்று இருக்கட்டும்.

இவை எல்லாவற்றையும் ஒரே தாளில், பெரிய எழுத்தில், பிளாஸ்டிக் உறையிட்டு மைக் அருகே ஒட்டுங்கள். இடத்துக்கு மட்டும் காலியிடம் விட்ட அறிவிப்பு வாசகம் அதில் இருக்க வேண்டும். மனப்பாடத்தை நம்ப வேண்டாம்.

தளத்தைக் காலி செய்யும் அறிவிப்பு தனித் தாளில் இருக்கட்டும்: “கவனியுங்கள். இரண்டாம் தளத்தில் இருப்பவர்கள் கிழக்குப் படிக்கட்டு வழியாகக் கீழே இறங்குங்கள். லிஃப்டில் ஏறாதீர்கள். நடக்க முடியாத நோயாளிகளை ஊழியர்கள் வந்து அழைத்துச் செல்வார்கள்.” என்ன நடந்தது என்று விளக்க வேண்டியதில்லை. யார், எந்த வழி, எது கூடாது. இந்த மூன்றும் போதும். மற்ற மொழி பேசுபவர் அதிகம் வரும் மருத்துவமனையாக இருந்தால் அந்த மொழியிலும் வாசகத்தை எழுதி, ஒலிப்பதிவு செய்து வைத்துக்கொள்ளலாம்.

## 8. கேட்டவர் என்ன செய்வார்

ஒவ்வொரு குறிக்கும், குழுவில் இருப்பவர் செய்ய வேண்டியதையும் மற்றவர் செய்ய வேண்டியதையும் தனித்தனியே எழுதுங்கள். இரண்டாவது பகுதி பெரும்பாலும் விடுபட்டிருக்கும். விளைவு, கோட் புளூ அறிவித்தால் இருபது பேர் வந்து படுக்கையைச் சூழ்வார்கள்.

கோட் புளூ: கண்டவர் நோயாளியை விட்டுப் போகக்கூடாது. கூவி ஆளை அழைத்து, நெஞ்சழுத்தம் தொடங்க வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120. இரண்டாமவர் எண்ணை அழைப்பார், மூன்றாமவர் கிராஷ் கார்ட் (அவசர மருந்துகளும் கருவிகளும் உள்ள வண்டி) கொண்டுவருவார். குழுவில் தலைவர், மூச்சுப்பாதை பார்ப்பவர், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாறி அழுத்தும் இருவர், மருந்து கொடுப்பவர், நேரம் எழுதுபவர். செக்யூரிட்டி ஒரு லிஃப்டைத் தரைத்தளத்தில் பிடித்து வைக்க வேண்டும். பல இடங்களில் குழு தாமதமாவது இந்த ஒரு வேலை யாருக்கும் ஒதுக்கப்படாததால்தான்.

கோட் பிங்க்: எல்லா வாசலும் ஒரே நேரத்தில் மூடப்பட வேண்டும். முன்வாசலில் ஆள் நிற்பார், பின்பக்கத்துச் சலவை வாசலும் பிணவறை வழியும் திறந்தே கிடக்கும். வாசல்வாரியாகப் பெயர் குறித்து வையுங்கள். பெரிய பை, கட்டைப்பை, போர்வை மடித்த கை எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். தாயை வார்டிலேயே ஒரு சிஸ்டர் உடனிருந்து பார்த்துக்கொள்ளட்டும். 112க்கு அழைப்பது யார் என்று முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

கோட் ரெட்: ஆபத்தில் இருப்பவரை அப்புறப்படுத்துவது, அழைப்பது, கதவை மூடித் தீயை அடைப்பது, பிறகு அணைப்பது, இதே வரிசை. வார்டின் ஆக்சிஜன் வால்வை மூடும் அதிகாரம் பொறுப்புச் சிஸ்டருக்கு. மூடுமுன் ஆக்சிஜனில் இருக்கும் நோயாளிகளுக்குச் சிலிண்டர் மாற்ற வேண்டும். படிக்கட்டில் இறக்கும் முன், அதே தளத்தில் தீத்தடுப்புக் கதவுக்கு அப்பால் நகர்த்த முடியுமா என்று பாருங்கள், படுக்கையோடு தள்ளிவிடலாம். ஆபரேட்டர் அறிவித்த கையோடு 101க்கு அழைக்க வேண்டும். “முதலில் நாமே அணைத்துப் பார்ப்போம்” என்று காத்திருப்பது எல்லாத் தவறிலும் கொடியது.

கோட் பிளாக்: சந்தேகப் பொருளை யாரும் தொடக்கூடாது. அதன் அருகில் வாக்கிடாக்கியோ கைப்பேசியோ பயன்படுத்தக் கூடாது.

## 9. முடிந்ததும் அறிவியுங்கள்

“கோட் புளூ, பெண்கள் பொது வார்டு, முடிந்தது” என்று இரண்டு முறை. இது இல்லாவிட்டால் லிஃப்ட் பிடித்த செக்யூரிட்டி நின்றுகொண்டே இருப்பார். கோட் பிங்க்கில் வாசல் மூடியே கிடந்து, ஆம்புலன்ஸ் வெளியே நிற்கும். முடிந்ததாகச் சொல்லும் அதிகாரம் சம்பவ இடத்தில் இருக்கும் குழுத் தலைவருக்கு மட்டும். கோட் ரெட்டில் தீயணைப்புத் துறை சொல்லும் வரை காத்திருக்க வேண்டும்.

தவறுதலாக அழைத்திருந்தாலும் இதே வாசகம்தான். அழைத்தவரைத் திட்டாதீர்கள். ஒருமுறை திட்டு வாங்கியவர் அடுத்த முறை உண்மையிலேயே தேவைப்படும்போது தயங்குவார்.

## 10. இப்போது அட்டை, பிறகு ஒத்திகை

அட்டையில் குறி, பொருள், அழைக்கும் எண். வேறு எதுவும் வேண்டாம். தமிழிலும் ஆங்கிலத்திலும், அடையாள அட்டையின் பின்புறம். நிறத்தோடு நிறத்தின் பெயரும் எழுத்தில் இருக்க வேண்டும், நிறக்குருடு உள்ளவர் ஊழியரிலும் உண்டு.

என்ஏபிஎச் (மருத்துவமனைகளுக்கான தேசிய தரச்சான்று வாரியம்) தரச்சான்றுக்கு ஆண்டில் குறைந்தது இரண்டு ஒத்திகை கேட்பார்கள். அது சான்றுக்குப் போதும், பழக்கத்துக்குப் போதாது. கோட் புளூ ஒத்திகையை மாதம் ஒன்று, இடத்தையும் பணிநேரத்தையும் மாற்றி மாற்றி வையுங்கள். முன்கூட்டி எல்லோருக்கும் சொல்லி, காலை 11 மணிக்குப் புகைப்படக்காரருடன் நடத்துவது விழாவாகத்தான் முடியும். ஆபரேட்டருக்கும் ஐசியு பொறுப்பு டாக்டருக்கும் மட்டும் தெரிந்தால் போதும். அந்நேரம் உண்மையான அவசரம் நேர்ந்தால் ஒத்திகையை உடனே கைவிட ஒரு சொல் வைத்துக்கொள்ளுங்கள்: “ஒத்திகை ரத்து”.

எழுத வேண்டிய நேரங்கள்: அழைப்பு எடுத்தது, அறிவிப்பு ஒலித்தது, முதல் ஆள் வந்தது, டிஃபிப்ரிலேட்டர் வந்தது, தலைவர் வந்தது. அழைப்புக்கும் அறிவிப்புக்கும் இடையே 30 நொடிக்கு மேல் போனால் ஆபரேட்டர் மேசையில் கோளாறு; அறிவிப்புக்குப் பின் 3 நிமிடத்துக்கு மேல் குழு வராவிட்டால் கேட்கவில்லை, அல்லது லிஃப்ட். ஒரே மொத்த நேரத்தை எழுதினால் எது என்று தெரியாது. எல்லாம் ஒரே கடிகாரத்தில் எழுதப்பட வேண்டும். வார்டுச் சுவர்க் கடிகாரங்கள் ஐந்து நிமிடம் வித்தியாசப்படுவது வாடிக்கை.

ஒத்திகையை முடித்த கையோடு, வராதவர்களிடம் போய் ஏன் வரவில்லை என்று கேளுங்கள். வந்தவர்களின் பாராட்டுரையைவிட இதில் கிடைப்பது அதிகம்: “கழிப்பறையில் இருந்தேன், கேட்கவில்லை”; “கேட்டது, ஆனால் பழைய கட்டடத்தின் இரண்டாம் தளம் என்று நினைத்தேன்”; “இன்று என் பெயர் குழுவில் இருப்பதே தெரியாது”. முதல் பதில் 5ஆம் படிக்கும், இரண்டாவது 4ஆம் படிக்கும், மூன்றாவது பணிப் பட்டியலுக்கும் உங்களைத் திருப்பி அனுப்பும். குழுவின் பெயர்களை ஒவ்வொரு ஷிஃப்ட் தொடக்கத்திலும் ஆபரேட்டர் மேசையில் எழுதும் வழக்கம் இல்லாவிட்டால் மூன்றாவது பதில்தான் அதிகம் வரும்.

வாரம் ஒரு நாள், ஷிஃப்ட் மாறும் நேரத்தில், “ஒலிபெருக்கிச் சோதனை” என்று ஒரு சிறு அறிவிப்பு கொடுத்து, கேட்காத வார்டு ஆபரேட்டரை அழைத்துச் சொல்லும்படி வையுங்கள். நேரம் தெரியாவிட்டால், கேட்காதவருக்குச் சோதனை நடந்ததே தெரியாது. ஆகவே சோதனை நேரம் நிலையானதாக இருக்க வேண்டும், உதாரணமாகத் திங்கள் காலை 8 மணி. 8.05க்குள் கேட்காவிட்டால் பொறுப்புச் சிஸ்டர் அழைத்து, பராமரிப்புப் பதிவேட்டில் அந்த வார்டின் பெயரை எழுதவைக்க வேண்டும்.